பல்கலைக்கழக நூலகத்தில் தேடிப் படிக்கும் திறன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் பார்வை நூல் பிரிவில் வேலை பார்க்கிறேன். முதலாண்டு மாணவர்களுக்கும் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கும் தேடல் வகுப்பு எடுப்பது என் பொறுப்பு. வகுப்பில் கேட்பதைவிட, வகுப்பு முடிந்து மேசைக்கு வந்து தனியாகக் கேட்பவர்கள்தான் அதிகம். அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. ஆசிரியர்களும் மற்ற நூலகர்களும் கேட்டவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

தகவல் எழுத்தறிவு என்பது கணினிப் பயிற்சிதானே?

இல்லை. கணினியில் கைதேர்ந்தவரிடமும் இது இல்லாமல் இருக்கலாம். எனக்கு இப்போது என்ன தெரிய வேண்டும், அது எங்கே இருக்கும், கிடைத்ததை நம்பலாமா, நம்பினால் அதை என் எழுத்தில் எப்படி நேர்மையாக எடுத்தாள்வது? இந்த நான்கையும் பிறர் துணையில்லாமல் செய்துகொள்ளத் தெரிவதுதான் தகவல் எழுத்தறிவு.

1974இல் அமெரிக்கத் தகவல் தொழில் துறையைச் சேர்ந்த பால் சுர்கோவ்ஸ்கி இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 2005இல் யுனெஸ்கோவும் உலக நூலகச் சங்கக் கூட்டமைப்பும் சேர்ந்து வெளியிட்ட அலெக்சாந்திரியா பிரகடனம் இதை அடிப்படை மனித உரிமை என்றது. பெயர் புதிதே தவிர வேலை பழையது. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1931இல் அவர் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. புதிதாகச் சேரும் மாணவரை நூலகத்துக்குப் பழக்குவதையும் நூலகரின் கடமையாகவே அவர் பார்த்தார். நாங்கள் இன்று எடுக்கும் வகுப்புக்கு அதுதான் வேர்.

எல்லாம்தான் கூகுளில் வருகிறதே, இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

வருவதில் சந்தேகமில்லை. வந்ததை எப்படிப் படிக்கிறோம் என்பதில்தான் சிக்கல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 45 பேரை உட்காரவைத்துச் சில இணையத்தளங்களை மதிப்பிடச் சொன்னார்கள். 10 பேர் வரலாற்றுப் பேராசிரியர்கள், 25 பேர் அதே பல்கலைக்கழக மாணவர்கள், 10 பேர் செய்தி சரிபார்ப்பதைத் தொழிலாகச் செய்பவர்கள். படித்த பேராசிரியர்களே பலர் ஏமாந்தார்கள். அவர்களும் மாணவர்களும் அந்தத் தளத்துக்குள்ளேயே மேலும் கீழும் போய் முத்திரை, வடிவமைப்பு, 'எங்களைப் பற்றி' பக்கம் ஆகியவற்றை நம்பினார்கள். செய்தி சரிபார்ப்பவர்கள் சில நொடிகளிலேயே வெளியே வந்து, இந்தத் தளத்தை நடத்துவது யார், மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களில் தேடினார்கள்.

பெண் பார்க்கப் போகிற வீட்டைப் பற்றி அந்த வீட்டிலேயே விசாரிப்பதில்லை, அக்கம்பக்கத்தில்தான் விசாரிப்போம். நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த இந்த விவேகத்தை இணையத்திலும் கடைப்பிடிக்கவேண்டும், அவ்வளவுதான்.

முதலாண்டில் ஒரு மணி நேரம் லைப்ரரி ஓரியன்டேஷன் நடக்கிறது. அது போதாதா?

போதாது. இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அந்த ஒரு மணி நேரத்தைப் பல ஆண்டுகள் நானே நடத்தியிருக்கிறேன். அறுபது பேரை வரிசையாக அழைத்துப்போய், இது நாளிதழ்ப் பகுதி, இது ஜெராக்ஸ், இங்கே பையை வைக்கவேண்டும், உறுப்பினர் அட்டைக்கு இரண்டு போட்டோ என்று சொல்லி அனுப்புவோம். பையை எங்கே வைப்பது என்பது மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கும். தேடல் பற்றிச் சொன்ன எதுவும் தங்காது. அது அவர்கள் குறையில்லை. அன்றைக்கு அவர்களிடம் தேடுவதற்கு எதுவுமே இல்லை.

அதே மாணவர் எட்டு மாதம் கழித்து, அடுத்த வாரம் ப்ராஜெக்ட் தலைப்பு கொடுக்கவேண்டும் என்ற பதற்றத்தில் வருவார். அப்போது இருபது நிமிடம் சொல்லிக்கொடுத்தால் போதும், வாழ்நாளுக்கும் மறக்கமாட்டார். வகுப்பை அந்த வாரத்தில் வைக்கவேண்டும். இதற்காகத்தான் துறைத் தலைவர்களிடம் ஒவ்வொரு பருவத்திலும் மன்றாடுகிறேன்.

தலைப்பு கிடைத்துவிட்டது. தேடலை எங்கிருந்து தொடங்குவது?

தாளிலிருந்து. கணினியைத் திறக்கும் முன், உங்கள் பொருளை வேறு யார் யார், எந்தெந்தப் பெயரில் அழைத்திருப்பார்கள் என்று எழுதுங்கள்.

பொருளியல் மாணவி ஒருவர் 'பெண்களும் நுண்கடனும்' என்று வந்தார். அந்த ஒரு சொல்லை மட்டும் போட்டுத் தேடி, தமிழ்நாட்டைப் பற்றி ஒன்றுமே இல்லை என்றார். இருவரும் தாளில் எழுத ஆரம்பித்தோம். மைக்ரோ ஃபைனான்ஸ், மைக்ரோ கிரெடிட். நம் ஊரில் குழு என்றாலே போதும். அரசாணையில் மகளிர் சுயஉதவிக் குழு. ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு 1992இல் தொடங்கிய திட்டத்தின் பெயர் வங்கி இணைப்பு. தனியார் நிறுவனங்கள் தருவது கூட்டுப் பொறுப்புக் குழுக் கடன். தருமபுரி மாவட்டத்தில் 1989இல் ஐ.நா.வின் வேளாண் மேம்பாட்டு நிதி உதவியோடு தொடங்கி, பின்னால் மகளிர் திட்டமாக விரிந்தது வேறொரு பெயரில் இருக்கும். தாளில் பதினாறு சொற்கள் சேர்ந்தன. அதன்பிறகு கணினியில் உட்கார்ந்தபோது, எதை விடுவது என்பதுதான் அவருடைய கவலையாக இருந்தது.

முழு வாக்கியத்தைத் தட்டாதீர்கள். ஒரே பொருளுக்கான சொற்களுக்கு நடுவே 'ஆர்', வெவ்வேறு பொருளுக்கு நடுவே 'ஆண்ட்' என்று ஆங்கிலத்தில் போடுங்கள். பெரும்பாலான தரவுத்தளங்களுக்கு இந்த மொழி புரியும்.

தமிழில் தேடினால் ஏன் பாதிகூடக் கிடைப்பதில்லை?

தமிழ், வரலாறு, நாட்டார் வழக்காறு படிக்கிறவர்களின் நிரந்தரக் குறை இது. காரணம் ஒன்றில்லை.

முதலாவது, நம் மொழியின் இயல்பு. 'ஆறு' என்று தேடினால், 'ஆற்றில்', 'ஆற்றங்கரை' என்று எழுதப்பட்டவை தப்பிவிடும். 'வீடு' தேடினால் 'வீட்டில்' வராது. வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் வாலே மாறுகிறது. வெட்டுக்குறியை, அதாவது சொல்லின் வால் எதுவானாலும் சரி என்று சொல்லும் நட்சத்திரக் குறியை, ஏற்கிற தரவுத்தளமாக இருந்தால், மாறாமல் நிற்கிற முன்பகுதியை மட்டும் கொடுங்கள். 'நூலக' என்று எழுதி நட்சத்திரக் குறி போட்டால் நூலகம், நூலகத்தில், நூலகங்கள் எல்லாம் வரும். 'வீட' என்று கொடுத்தால் வீடும் வரும், வீட்டிலும் வரும். கூகுள் இந்தக் குறியை இப்படி எடுத்துக்கொள்ளாது. அங்கே ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகத்தான் போடவேண்டும்.

இரண்டாவது, பழைய எழுத்துருக்கள். யூனிகோடு பரவுவதற்கு முன்னால் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளில் கண்ணுக்குத் தமிழ் தெரியும், கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் கூட்டம். சோதித்துப் பாருங்கள்: அந்தக் கோப்பில் ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் புரியாத எழுத்துகளாக விழும். அப்படிப்பட்ட கோப்பை எந்தத் தமிழ்ச் சொல்லாலும் தேடிப் பிடிக்க முடியாது. சோத்கங்கா ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் உள்ள தமிழ் ஆய்வேடுகள் பல, பக்கங்களைப் படமெடுத்து ஏற்றியவை. அவற்றுக்குள்ளும் சொல் தேட முடியாது. தலைப்பு, நெறியாளர், துறை, பல்கலைக்கழகம் வழியாகத்தான் போகவேண்டும்.

மூன்றாவது, வெளிநாட்டு நூலகப் பட்டியல்கள். சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் ஆங்கிலத்தில் எழுதும்போது முதலெழுத்துக்கு 's' போடுவோம், சிலர் 'ch' போடுவார்கள். நடுவில் வரும் 'தி'க்கு ஒருவர் 't' மட்டும், இன்னொருவர் 'th' போடுவார், மூன்றாமவர் 'd' போடுவார். அமெரிக்க நூலகங்கள் பின்பற்றும் ஒலிபெயர்ப்பு முறையில் சகரத்துக்கு எப்போதுமே 'c' என்ற ஓரெழுத்துதான், தகரத்துக்கு 't'தான், எப்படி ஒலித்தாலும் மாறாது. அந்த முறையைத் தெரிந்துகொள்ள அரை மணி நேரம் போதும். ஒரு மாணவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்த அன்று, இல்லவே இல்லை என்று அவர் கைவிட்டிருந்த நூலின் முதல் பதிப்பு சிகாகோவில் இருப்பது தெரிந்தது.

அச்சேறிய பழைய நூல்களுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கைத் தமிழ் வெளியீடுகளுக்கு நூலகம் நிறுவனத்தின் தளம், பழந்தமிழ் இலக்கிய மூலங்களுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம். இந்த நான்கையும் பார்க்காமல் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

மேற்கோளை ஒரு நூலில் பார்த்தேன், அதையே அடிக்குறிப்பாகப் போட்டால் என்ன? மூலத்தையும் தேடவேண்டுமா?

வேண்டும். ஒரு பிற்பகல் நடந்ததைச் சொல்கிறேன்.

தமிழ்த் துறை ஆய்வாளர் ஒருவர் இயல் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஒரு வரி: 'குமரிக்கண்டமாகிய லெமூரியா இருந்ததை அறிவியலாளர்கள் நிறுவியுள்ளனர்.' அடிக்குறிப்பில் ஒரு நூல். அந்த நூலை எடுத்தோம், அது இன்னொரு நூலைக் காட்டியது. அதையும் எடுத்தோம், அது மூன்றாவதைக் காட்டியது. மூன்றாவது நூலில் அந்த வரி இருந்தது, அடிக்குறிப்பே இல்லை. மேசையில் மூன்று நூல்கள் திறந்து கிடந்தன. மூன்றிலும் ஏறக்குறைய ஒரே வாக்கியம்.

அங்கிருந்து இரண்டு வழியாகப் பிரிந்து தேடினோம். லெமூரியா என்ற பெயர் 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர் மடகாஸ்கரின் பாலூட்டிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் வருகிறது. லெமூர் இன விலங்குகள் மடகாஸ்கரில் நிறைய, அவற்றின் உறவினங்கள் இந்தியப் பக்கமும் உண்டு, ஆகவே நடுவே நிலம் இருந்திருக்கலாம் என்பது அவர் ஊகம். மனிதரைப் பற்றி அதில் பேச்சே இல்லை. கண்டங்களே இடம் நகர்கின்றன என்னும் நிலத்தட்டு நகர்வுக் கொள்கை 1960களில் நிலைபெற்றபின் அந்த ஊகம் தேவையற்றதாகிவிட்டது.

மறுபுறம், தமிழ் மூலங்கள். சிலப்பதிகாரம் பஃறுளி ஆற்றையும் குமரிக்கோடு என்னும் மலையையும் கடல் கொண்டதைச் சொல்கிறது. இறையனார் களவியல் உரை சங்கங்களையும் கடல்கோளையும் சொல்கிறது. 700 காவத நிலம், 49 நாடுகள் என்ற விரிவு சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையில்தான் வருகிறது. குமரிக் கண்டம் என்ற பெயர் கந்தபுராணத்தில், பரத கண்டத்தின் ஒன்பது பகுதிகளில் ஒன்றாக இருக்கிறது.

அந்த ஆய்வாளர் முகம் வாடியது. 'அப்ப என் இயல் போச்சா சார்?' என்றார். போகவில்லை, இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்றேன். கடல்கோள் நினைவு தமிழ் உரை மரபில் எப்போது, எப்படி வளர்ந்தது, விலங்கியல் ஊகம் ஒன்று எப்போது அதோடு ஒட்டிக்கொண்டது என்பதே ஓர் ஆய்வுதானே. அவர் அந்த ஒற்றை வரியை எடுத்துவிட்டு, மூன்று பக்கம் எழுதினார். ஒவ்வொரு கூற்றுக்கும் அதைச் சொன்னவர் பெயரும் ஆண்டும் இருந்தன.

விக்கிப்பீடியாவைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக, முதல் படியாக. பக்கத்தின் அடியில் இருக்கும் சான்றுப் பட்டியலுக்குப் போய் அவற்றைப் படியுங்கள், மேற்கோளாக அவற்றைக் காட்டுங்கள்.

பேப்பர் போட ஒரு ஜர்னல் வாட்ஸாப்பில் அழைக்கிறது. நம்பலாமா?

மூன்று நாளில் வெளியிடுகிறோம் என்று சொன்னால் வேண்டாம். உங்கள் கட்டுரையைத் துறை வல்லுநர் இருவர் படித்துக் கருத்து எழுதவே வாரங்கள் ஆகும். தமிழ் இலக்கியமும் எந்திரப் பொறியியலும் ஒரே இதழில் வந்தாலும் யோசியுங்கள். ஆசிரியர் குழுவில் இருப்பதாகப் போட்டிருக்கும் பேராசிரியரின் சொந்தப் பல்கலைக்கழகப் பக்கத்தைத் திறந்து, அவர் இந்த இதழைக் குறிப்பிடுகிறாரா என்று பாருங்கள். நல்ல இதழின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் என்னும் பதிவெண்ணையும் அப்படியே திருடி வேறு தளம் நடத்துபவர்களும் உண்டு. ஆகவே இதழின் முகவரியை ஸ்கோபஸ் என்னும் பன்னாட்டு ஆய்விதழ்ப் பட்டியலிலிருந்தோ பதிவெண் வழங்கும் தளத்திலிருந்தோ எடுங்கள், வாட்ஸாப் இணைப்பிலிருந்து எடுக்காதீர்கள்.

முன்பு, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி ஏற்ற இதழ்களின் பட்டியலை வைத்து, 'யுஜிசி கேர்ல இருக்கா?' என்று ஒரு கேள்வியில் முடித்துக்கொள்வோம். 2025இல் அந்தப் பட்டியலை யுஜிசி கைவிட்டுவிட்டது. இனி இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம் கல்வி நிறுவனத்துக்கும் நமக்கும்தான். உதவித்தொகையை மிச்சம் பிடித்து இப்படிப் பணம் கட்டிவிட்டு, வைவாவில் அந்தக் கட்டுரை தள்ளப்பட்டு, நூலகத்தின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து அழுத ஒருவரை எனக்குத் தெரியும். அவர் கட்டுவதற்கு முன்னால் யாராவது ஐந்து நிமிடம் அவரோடு உட்கார்ந்திருந்தால் போதும்.

எழுத்துத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருளில் என் திசிஸ் 10 சதவீதத்துக்குள் வந்துவிட்டது. இனிப் பயமில்லையே?

மென்பொருள் சொல்வது எழுத்து ஒற்றுமையை மட்டும். திருட்டா இல்லையா என்று அதற்குத் தெரியாது. யுஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தரவேண்டும், 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைத் தரமுடியாது, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மூலம் குறிப்பிட்ட மேற்கோள், நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை ஆகியவை கணக்கில் வராது. தற்செயலாக அமையும் தொடர் 14 சொல் வரை விலக்கு.

ஆனால் ஆங்கிலக் கட்டுரை ஒன்றை வரிக்குவரி தமிழாக்கிப் போட்டால், வெறும் எழுத்தை ஒப்பிடும் மென்பொருள் அதைப் பிடிக்காது. பழைய எழுத்துருவில் கிடக்கும் ஆய்வேட்டிலிருந்து எடுத்ததையும் பிடிக்காது. அறிக்கையில் 2 சதவீதம் என்று வரும். அது திருட்டுத்தான். எதிர்ப்பக்கமும் உண்டு: கல்வெட்டு வரிகளையும் சங்கப் பாடல்களையும் நிறைய எடுத்தாண்ட நேர்மையான ஆய்வேடு 30ஐக் காட்டும். அறிக்கையைத் திறந்து எந்த வரி, எங்கிருந்து என்று பாருங்கள். எண்ணைக் குறைப்பதற்காகச் சொற்களை மாற்றிப்போட்டுத் தமிழைச் சிதைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

சாட்ஜிபிடியிடம் நூற்பட்டியல் கேட்டு வாங்கலாமா?

தேடுசொற்கள் கேளுங்கள், கருத்தை விளக்கச் சொல்லுங்கள். நூற்பட்டியல் வாங்கினால் ஒவ்வொன்றையும் சரிபார்க்காமல் விடக்கூடாது. 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் அது சொன்ன, உலகத்திலேயே இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள்.

மேசைக்கு வந்த ஒரு பட்டியலில் ஒரு கட்டுரை இருந்தது. ஆசிரியர் பெயர் உண்மை. இதழும் உண்மை, அந்த ஆண்டுத் தொகுதி எங்கள் அடுக்கிலேயே இருக்கிறது. எடுத்துவந்து அந்தப் பக்கங்களைப் பிரித்தால் வேறொருவர் எழுதிய வேறொரு கட்டுரை. உண்மையான துண்டுகளை ஒட்டிச் செய்த பொய் என்பதால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை. டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர இணைய அடையாள எண்) இருந்தால் அதைத் திறந்து, அதே தலைப்பு வருகிறதா பாருங்கள். எண் இல்லாத தமிழ் நூலென்றால் எங்களிடம் வாருங்கள்.

கட்டுரை படிக்கப் பணம் கேட்கிறது. என்ன செய்வது?

முதலில் பல்கலைக்கழக இணைப்பிலிருந்து திறந்து பாருங்கள். 2025 ஜனவரியிலிருந்து ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அரசு நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. விடுதி அறையிலிருந்து திறக்கத் தனிக் கணக்கு வேண்டும், பதிவு செய்து தருகிறோம். அதிலும் இல்லையென்றால் கட்டுரை ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள்.

பாடம் முடிக்கவே நேரமில்லை. ஆசிரியராக நான் இதற்கு எப்படி நேரம் ஒதுக்குவது?

புதிதாக ஒதுக்கவேண்டாம். நீங்கள் ஏற்கெனவே தரும் அசைன்மென்ட் ஒன்றை மாற்றினால் போதும். 'காவிரி நீர்ப் பங்கீடு பற்றிப் பத்துப் பக்கம்' என்பதற்குப் பதில், அதைப் பற்றி ஒன்றுக்கொன்று முரண்படும் இரண்டு கட்டுரைகளைக் கண்டுபிடித்து, எங்கே முரண், எதற்குச் சான்று வலுவாக இருக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அந்த வாரம் ஒரு வகுப்பை நூலகக் கணினி அறையில் வையுங்கள், நீங்களும் உடன் இருங்கள். நான் மட்டும் சொன்னால் அது நூலகப் பேச்சு. நீங்கள் பக்கத்தில் நின்று, 'இந்த இதழ் நம் துறையில் முக்கியமானது, இவர் எழுதினால் படிக்காமல் விடாதீர்கள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அது பாடமாகிவிடும்.

வகுப்பு பயன்பட்டதா என்று எப்படி அளப்பது? (இன்னொரு நூலகர் கேட்டது)

வருகைப் பதிவேடும் வகுப்பு முடிவில் தரும் கருத்துப் படிவமும் எதையும் சொல்லாது. எல்லோரும் 'மிக நன்று' என்றுதான் எழுதுவார்கள். பருவ இறுதியில் துறையிடம் கேட்டு மாணவர்களின் நூற்பட்டியல்களை வாங்கிப் பாருங்கள். எத்தனை மேற்கோள், எந்தக் காலத்தவை, முதன்மைச் சான்று உண்டா, எல்லாம் ஒரே வலைப்பக்கத்திலிருந்து வந்தவையா? வகுப்புக்கு முன்னும் பின்னும் வந்த பட்டியல்களை அருகருகே வைத்தால் உங்கள் வகுப்பின் குறையும் தெரியும். என் முதல் இரண்டு ஆண்டுப் பட்டியல்கள் எனக்கு நல்ல பாடம்: தரவுத்தளப் பெயர்கள் நிறைய இருந்தன, படித்த தடயம் இல்லை. அதன்பிறகுதான் கருவிகளைக் குறைத்து, ஒரு கட்டுரையைச் சேர்ந்து படிப்பதற்குப் பாதி நேரத்தை ஒதுக்கினேன்.

தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலத் தரவுத்தளம் என்றாலே பயம். மேசைக்கு வந்து கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

நீங்கள் தமிழிலேயே கேட்கலாம் தம்பி, தங்கை. இந்த மேசைக்கு வருபவர்களில் பாதிப் பேர் 'ஒண்ணுமில்ல சார், சும்மா' என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். ஆங்கிலத்தில் முழுக் கட்டுரையும் புரியவேண்டும் என்றில்லை. முதலில் சுருக்கத்தைப் படிப்போம், பிறகு அட்டவணைகளை, பிறகு முடிவுரையை. புரியாத சொற்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். ஒரே துறையில் திரும்பத் திரும்ப வருவது சில நூறு சொற்கள்தான், பத்தாவது கட்டுரைக்குள் பழகிவிடும்.

வரும்போது உங்கள் தலைப்பை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. மேசை நுழைவாயிலுக்கு இடப்பக்கம், அகராதி அடுக்குக்கு எதிரில். மதியம் 2 மணிக்கு மேல் கூட்டம் இருக்காது.